பிடி, இழு, உதறு, வா

மருத்துவமனைக்கு நான்கு மாடி. சலவைப் பிரிவுக்கு வாய்த்தது மட்டும் தரைக்கு அடியில். வெளியே மழையா வெயிலா என்று தெரிந்துகொள்ள அங்கே ஒரே வழிதான் உண்டு. சரிவுப் பாதையில் இறங்கி வருகிற ஆளின் செருப்பைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் மழை, காய்ந்திருந்தால் வெயில். யாருமே வரவில்லை என்றால் சாப்பாட்டு வேளை.

அங்கே பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டியவள் சலவையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் சலவையக்காதான். அவளுக்குக் கீழே ஐந்து பெண்கள், மூன்று சலவை இயந்திரங்கள், இரண்டு உலர்த்திகள். துணி மடிப்பதற்கும் ஓர் இயந்திரம் இருந்தது. இருந்தது என்றால் இருந்ததுதான், ஓடவில்லை. அதன் மேல் டிபன் டப்பாக்களை வைத்திருந்தார்கள்.

ஆகவே தினமும் நானூறு படுக்கை விரிப்பையும் கையால்தான் மடிக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொள்வார்கள். சலவையக்கா குரல் கொடுப்பாள்: "பிடி! இழு! உதறு! வா!" பிடி என்றால் மூலைகள் கைக்கு வரும். இழு என்றால் இருவரும் பின்னால் சாய்ந்து துணியை விறைப்பாக்குவார்கள். உதறு என்றால் டப்பென்று ஒரு சத்தம், சுருக்கமெல்லாம் ஓடிவிடும். வா என்றதும் இருவரும் இரண்டெட்டு முன்னால் வந்து, கையைத் தூக்கி, மூலையோடு மூலையைச் சேர்ப்பார்கள். அவ்வளவுதான், அடுத்த விரிப்பு. பத்தொன்பது வருடத்தில் எத்தனை முறை 'வா' சொல்லியிருப்பாள் என்று யோசித்தால் நமக்குத் தலை சுற்றும்.

வீட்டிலும் இதே பாட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு விரிப்புகளை அவளும் கணவரும் மடிப்பார்கள். கணவர் அதே மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவின் உதவியாளர். நடக்க முடியாதவர்களை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் தூக்கி வைக்கிற வேலை. அதனால் அங்கே அவருக்குத் தூக்கண்ணன் என்று பெயர். எடை நூறு கிலோவுக்கு இரண்டு குறைவு. பேச்சோ எண்ணி எண்ணித்தான் வரும். மற்ற நேரமெல்லாம் அவரை "வாங்க, போங்க" என்கிறவள், துணி மடிக்கும்போது மட்டும் வாய்ப்பழக்கத்தில் "வா" என்பாள். அவரும் இரண்டெட்டு வைத்து வருவார். வந்து மூலையைக் கொடுக்கும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு இருக்கும். பத்தொன்பது வருடமாக இருக்கிறது அந்தச் சிரிப்பு. இவள்தான் ஒருநாளும் என்னவென்று கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நான்காவது மாடியில் பழைய கோப்புகளை அடைத்துவைத்திருந்த அறை காலியானது. சலவையக்கா சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஐந்து ஜன்னல்! ஒரு கதவைத் திறந்தால் மொட்டை மாடி. கொடி கட்டினால் நானூறு விரிப்பும் வெயிலில் காயும். தரையில் ஜன்னல் அளவுக்கு ஒரு துண்டு வெயில் விழுந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் காலை வைத்துப் பார்த்தாள். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். இந்த நான்கு வருடமாவது வெளிச்சத்தில் நின்று வேலை செய்ய வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது பாருங்கள், நகை நட்டு மேல்கூட அவளுக்கு அப்படியொரு ஆசை வந்ததில்லை. லிஃப்டில் இறங்கும்போது அழுதுவிட்டாள். அடித்தளத்துக்கு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிய டாக்டருக்கு மனு எழுதினாள்.

மனுவைக் கொண்டுபோனால், மேஜையில் அதற்கு முன்பே இன்னொரு மனு உட்கார்ந்திருந்தது. பிசியோதெரபிப் பிரிவுக்கும் அதே அறை வேண்டுமாம். அவர்கள் இடமும் நெருக்கடிதான், பொய் சொல்லக்கூடாது. அங்கே ஒரு நோயாளி பயிற்சிக்காகக் காலை நீட்டினால் அடுத்த நோயாளிக்கு உதை விழும். இவர்கள் ஒரு மனு, அவர்கள் ஒரு மனு என்று மாறி மாறிப் போனதில் பெரிய டாக்டருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"இனிமே ரெண்டு பேரும் எனக்கு ஒரு வரி எழுதக் கூடாது," என்றார். "அடுத்த மாசம் ஊழியர் விளையாட்டு நாள் வருதில்ல? கயிறு இழுங்க. ஆளு ஆறு, ஆட்டம் மூணு. எந்தப் பிரிவு ஜெயிக்குதோ அதுக்கு ரூம்." சொன்ன பிறகுதான் அவருக்கே நியாயம் உறுத்தியது. "ஆனா அவங்கள்ல மூணு ஆம்பளைங்க இருக்காங்களே, உங்களுக்குச் சரியா?"

"இருக்கட்டும் சார். ஈரத் துணி மூட்டை எங்களைப் பொம்பளைன்னு பார்த்து எடை குறையறதில்லை," என்றாள் சலவையக்கா.

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர உள்ளுக்குள் பயம்தான். காரணம், அவளுடைய வலது தோள். இரண்டு மாதமாகக் கையைத் தூக்கினால் உயிர் போகிற வலி. அதற்கு வைத்தியம் எங்கே? வேறெங்கே, பிசியோதெரபிப் பிரிவில்தான்! அந்தப் பிரிவின் தலைமையே இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி. எல்லோரும் பிசியோ பொண்ணு என்பார்கள். எதிராளியிடமே போய்த் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டிய நிலைமை.

"போட்டி வேற, வைத்தியம் வேறக்கா. நீங்க வாங்க," என்று கூப்பிட்டு உட்காரவைத்தது அந்தப் பெண். நல்ல மனசு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோளை அங்கே இங்கே அழுத்திப் பார்த்துவிட்டு அது சொன்னது: "இந்தத் தோள்ல ஒரு குறையும் இல்லக்கா. எல்லாரோட வேலையையும் இதுவே இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யுது, அதான் பிரச்சினை. கால் செய்ய வேண்டியது, இடுப்பு செய்ய வேண்டியது, முதுகு செய்ய வேண்டியது, எல்லாத்தையும் ஒண்டியாத் தூக்கிச் சுமக்குது."

"என்னை மாதிரியே இருக்கு," என்றாள் சலவையக்கா.

"பந்து எறியறவங்களைப் பார்த்திருக்கீங்களா? கையால எறியறாங்கன்னு நாம நெனைக்கிறோம். மொதல்ல கால் தரையைத் தள்ளும். அந்த வேகத்தை இடுப்பு வாங்கி முதுகுக்குக் குடுக்கும். முதுகு தோளுக்கு, தோள் கைக்கு. கை கடைசியா வந்து பேரை வாங்கிட்டுப் போயிடும். கபடி, நீச்சல், ஓட்டம், எதை எடுத்தாலும் இதே கதைதான்."

பிறகு அவள் கையைப் பிடித்து மடக்கியது. "இன்னொண்ணும் இருக்கு. இப்ப முன்பக்கத் தசை சுருங்குது. அது சுருங்கணும்னா பின்பக்கத் தசை விட்டுக் குடுக்கணும். 'நானும் விட மாட்டேன்'னு அதுவும் இழுத்துப் பிடிச்சா, ரெண்டு பக்கமும் பலம் இருக்கும், ஆனா கை ஒரு அங்குலம் நகராது. நீங்க எல்லாத்தையும் இறுக்கியே வெச்சிருக்கீங்க. கழுத்தை விடுங்க. பல்லைக் கடிக்காதீங்க. மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"

"அது என் மூஞ்சியே அப்படித்தான்மா."

பக்கத்தில் ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டிருந்த தூக்கண்ணன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். குண்டு விழுந்தது அப்புறம்தான். சுவரில் ஒட்டியிருந்த பிசியோ அணியின் பட்டியலைச் சலவையக்கா தற்செயலாகப் பார்த்தாள். ஆறாவது ஆள், கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் முட்டுக்கொடுத்து நிற்கிற ஆள், மலை மாதிரி அசையாமல் நிற்க வேண்டிய ஆள் யார் என்று பார்த்தால், அவள் புருஷன்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பூகம்பம். "கட்டின பொண்டாட்டிக்கு எதிராக் கயிறு பிடிப்பீங்களா? வேலியே பயிரை மேயுமா?"

"என் பிரிவு அது. பேர் எழுதிட்டாங்க. நான் என்ன பண்ண?"

"வயித்து வலின்னு சொல்லுங்க."

"எனக்கு வயித்து வலி வந்ததே இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்." பாவம், உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதற்குப் பிறகு சலவையக்கா அவரிடம் நேரடியாகப் பேசவில்லை. "சாப்பாடு ஆறுது, வேணும்கிறவங்க போட்டுக்கலாம்," என்று சுவர்க் கடிகாரத்திடம் சொல்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விரிப்புகளையும் தனியாகவே மடித்தாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தரையைப் பெருக்கியது. அவர் வாசற்படியில் இரண்டு கையையும் ஏந்தியபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடித்தளத்தில் பயிற்சி தொடங்கியது. கயிற்றைத் தூணில் கட்டி இழுத்தார்கள். முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. ஒல்லி என்று பெயர் வாங்கிய ஒருத்தி கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாள். இஸ்திரி போடுகிற பெண் அவள் பாட்டுக்கு முன்னாலேயே இழுத்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஒருத்தி உண்டு, சிரிப்பு என்றே பெயர். அவள் இழுக்கும்போதும் சிரித்தாள். சிரித்தால் கையில் பலம் எங்கே நிற்கும்?

"நிறுத்துங்கடி!" என்றாள் சலவையக்கா. "ஈரத் துணி வண்டியைச் சரிவுல ஏத்தறோமே, கையாலயா தள்ளறோம்?"

"காலாலக்கா," என்றாள் ஒல்லி.

"அப்ப இங்க மட்டும் கை எதுக்கு முந்துது? மொதல்ல கால் தரையைத் தள்ளட்டும். அப்புறம் இடுப்பு. அப்புறம் முதுகு. கை சும்மா கொக்கி மாதிரிக் கயிறைப் பிடிச்சா போதும். கழுத்தை விடு, பல்லை விடு. இழுக்காத எதுவும் இறுகக் கூடாது. ஆறு பேரும் ஒரே உடம்பு, தெரிஞ்சுதா?" சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். எதிராளி கொடுத்த மருந்து எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

தாளத்துக்கு வேறெங்கும் போகவில்லை, கைவசம் இருந்ததே போதுமானதாக இருந்தது. "பிடி! இழு! உதறு!" என்பாள், 'உதறு'வில் ஆறு பேரும் சேர்ந்து பின்னால் ஒரு தூக்கு. தூண் வரவா போகிறது? வராத தூணிடம் 'வா' சொல்ல வேலையில்லாததால் யாரும் அந்த நாலாவது சொல்லை நினைக்கவில்லை. அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

விளையாட்டு நாள். மருத்துவமனைக்குப் பின்னால் புல்தரை, நடுவில் சுண்ணாம்புக் கோடு, கயிற்றின் மத்தியில் சிவப்புத் துணி. பெரிய டாக்டர் விசிலோடு நின்றார். சக்கர நாற்காலி நோயாளிகள் முன்வரிசையில். சலவை அணியில் முதல் ஆள் சலவையக்கா. எதிரே முதல் ஆள் பிசியோ பொண்ணு. அந்தப் பக்கம் கடைசியில் தூக்கண்ணன், இடுப்பில் கயிற்றைச் சுற்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றார்.

விசில் ஊதியது. கயிறு விறைத்தது. சலவையக்கா குரலெடுத்தாள்; இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், மைதானத்தின் மறுகோடி வரை போயிற்று. "பிடி! இழு! உதறு!" சிவப்புத் துணி ஒரு சாண் இவர்கள் பக்கம் வந்தது. அடடா, வருகிறது! இன்னொரு முறை. "இழு! உதறு!" இன்னொரு சாண். அந்தச் சந்தோஷத்தில், கையில் இருப்பது கயிறா விரிப்பா என்று மறந்து, பத்தொன்பது வருடத்து வாய் தானாகத் திறந்தது.

"வா!"

ஆறு பெண்களும் ஒரே உடம்பாக, என்ன ஒற்றுமை, என்ன அழகு, இரண்டெட்டு முன்னால் போய், இரண்டு கையையும் உயர்த்தி, இல்லாத மூலையை இல்லாத மூலையோடு சேர்த்தார்கள். கயிறு கையை விட்டுப் போனது. பிசியோ அணி கயிற்றோடு மல்லாந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கட்டுப் போட்ட காலோடு இருந்த ஒரு நோயாளி, "ஐயோ வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க," என்று கெஞ்சினார். முதல் ஆட்டம் பிசியோவுக்கு.

சலவையக்காவுக்கு மானம் போயிற்று. அந்த ஐந்து ஜன்னலும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது போல இருந்தது. ஆனால் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். அந்த அணி விழுவதற்கு ஒரு நொடி முன்னால், கயிற்றின் அந்தக் கோடியில், தொண்ணூற்றெட்டுக் கிலோ மனிதர் ஒருவரும் இரண்டெட்டு முன்னால் வந்து கையை உயர்த்தி நின்றிருந்தார். மற்ற ஐந்து பேரும் அவர் மேலேயே விழுந்துவிட்டதால் வேறு யாரும் கவனிக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். துணி மடிக்கிற பழக்கமும் அவ்வளவு தூரம் வரும் போலிருக்கிறது.

இரண்டாவது ஆட்டத்தில் சலவையக்கா 'வா'வை நாக்குக்கு அடியில் போட்டுப் பூட்டிக்கொண்டாள். சரிவில் வண்டி தள்ளித் தள்ளி உரம் ஏறிய பன்னிரண்டு கால்கள் புல்லை மிதித்தன. கழுத்து தளர்ந்திருந்தது, பல் தளர்ந்திருந்தது, சிரிப்புகூடச் சிரிக்கவில்லை. அந்தப் பக்கமோ எல்லாத் தசைக்கும் பெயர் தெரிந்தவர்கள். தெரிந்து என்ன? கை வைத்தியம் பார்க்கிறவர் கையால் இழுத்தார், முதுகு வைத்தியம் பார்க்கிறவர் முதுகால் இழுத்தார், "கால்! கால்!" என்று கத்திய பிசியோ பொண்ணின் பேச்சை யாரும் கேட்கவில்லை. சிவப்புத் துணி கொஞ்சம் கொஞ்சமாக வந்து கோட்டைத் தாண்டியது. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிட இடைவேளை. வலது தோள் சுரீர் சுரீரென்று குத்தியது. எதிரணி இப்போது ஒன்றாகத் தலைசேர்த்துப் பேசுவதைச் சலவையக்கா பார்த்தாள். இனி அவர்களும் காலால் இழுப்பார்கள். வெறும் பலத்தால் இன்னொரு தடவை ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வழி ஒன்று இருந்தது. அது வாய்க்குள்ளேயே இருந்தது.

"நர்ஸுகிட்ட பஞ்சு வாங்கிட்டு வா," என்று ஒல்லியை அனுப்பினாள். வந்த பஞ்சை உருட்டி ஐந்து பேர் காதிலும் தன் கையாலேயே அடைத்தாள். "நான் என்ன கத்தினாலும் உங்களுக்குக் கேக்கக் கூடாது. என் முதுகை மட்டும் பாருங்க. என் இடுப்பு கீழ இறங்கினா நீங்களும் இறங்குங்க."

"என்னக்கா?" என்றாள் சிரிப்பு. அடைத்துவிட்டுச் சொன்னால் எப்படிக் கேட்கும்? எல்லோர் காதிலிருந்தும் பஞ்சை எடுத்து, மறுபடி சொல்லி, மறுபடி அடைக்க வேண்டியதாயிற்று.

"காதுல என்ன அது?" என்றார் பெரிய டாக்டர்.

"குளிர் காத்து சார், ஆகாது," என்றாள் சலவையக்கா. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காதில் பஞ்சு வைக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் அவர் விசிலை வாயில் வைத்தார். எதிர்ப்பக்கத்தில் பிசியோ பொண்ணு இவர்களையே உற்றுப் பார்த்துவிட்டு, கயிற்றின் கடைசிக்குச் சென்று தூக்கண்ணனின் காதருகே ஏதோ பேசி, பிறகு நர்ஸிடம் ஒரு நடை போய் வந்து அவர் கையில் எதையோ திணித்தது. கைக்குப் போடுகிற பவுடராக இருக்கும் என்று சலவையக்கா நினைத்தாள்.

விசில். கயிறு விறைத்தது. இம்முறை இரு பக்கமும் காலால் இழுத்தார்கள். இரு பக்கமும் பலம். சிவப்புத் துணி கோட்டுக்கு நேர் மேலே ஆணி அடித்தது போல நின்றது. பத்து எண்ணினார்கள், இருபது எண்ணினார்கள், நகரவில்லை. கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. 'நானும் விட மாட்டேன்'னு ரெண்டு பக்கமும் பிடிச்சா ஒரு அங்குலம் நகராது என்று அந்தப் பெண் சொன்னது சலவையக்காவின் காதில் ஒலித்தது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அவள் தோள் இன்னும் ஐந்து நொடி தாங்கினால் அதிகம்.

சொல்லிவிடலாம். ஒரே சொல். ஆனால் அந்தச் சொல்லை நாக்கு நுனியிலேயே நிறுத்திக்கொண்டாள். அந்த மனிதர் வருவார்; வந்தால் ஆறு பேர் நடுவில், மருத்துவமனையே பார்க்க, அவர் மானம் போகும். பத்தொன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்ட சொல்லை வைத்தே அவரைக் கவிழ்ப்பதா? கோட்டுக்கு அப்பால் பார்த்தாள். தூக்கண்ணன் தலையை நிமிர்த்தி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஜன்னல், ஒரு துண்டு வெயில், நான்கு வருடம். தோள் எரிந்தது.

"இழு!" என்றாள். "உதறு!" என்றாள். பிறகு, கத்தக்கூட இல்லை, வீட்டில் சொல்கிற அதே குரலில் கொஞ்சம் உயர்த்தி, "வா," என்றாள். சொல்லும்போதே இடுப்பைத் தரைக்கு இறக்கினாள். அவள் முதுகைப் பார்த்து ஐந்து இடுப்புகள் இறங்கின.

தூக்கண்ணன் வந்தார். இரண்டெட்டு வைத்து, கயிற்றை விட்டு, இரண்டு கையையும் உயர்த்தி வந்தார். பின்னால் மலை இருக்கிறது என்று நம்பிச் சாய்ந்திருந்த ஐந்து பேருக்கும் திடீரென்று ஒன்றுமில்லை. தடுமாறி, ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு, பிசியோ பொண்ணு முதலாக அத்தனை பேரும் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார்கள். சலவைப் பிரிவு மல்லாக்க விழுந்து கிடந்தது. விசில் ஊதியது பஞ்சு வைத்த காதுகளுக்குக் கேட்காததால், ஐந்து பேரும் படுத்தபடியே கயிற்றை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அறை சலவைக்குப் போனது. காலியான அடித்தளத்தைப் பெரிய டாக்டர் பிசியோவுக்குக் கொடுத்தார். இடம் தாராளம், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதையும் உண்டு, நோயாளிகள் யாரையும் உதைக்காமல் காலை நீட்டலாம். மடிக்கும் இயந்திரம் மட்டும் அங்கேயே நின்றது. இப்போது அதன் மேல் இவர்களுடைய டிபன் டப்பாக்கள்.

தோளுக்குக் கடைசித் தடவை போனபோது பிசியோ பொண்ணு சலித்துக்கொண்டது. "உங்க குரல் இருக்கே, யப்பா! பஞ்சையும் தாண்டிப் போகும்க்கா."

தன் ஆட்களின் காதுப் பஞ்சைத்தான் சொல்கிறது என்று நினைத்துச் சலவையக்கா சிரித்தாள். வெளியே வரும்போதுதான் கவனித்தாள். தூக்கண்ணன் சரிவுப் பாதையின் அடியில் நின்று, இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க உட்கார்ந்தாள். பையைத் துழாவாமல் எந்தத் துணியையும் அவள் தண்ணீரில் போட மாட்டாள், தொழில் பழக்கம். டாக்டர்களின் கோட்டுகளிலிருந்து பேனா, மிட்டாய், ஒருமுறை ஒரு பல்செட் வரை எடுத்திருக்கிறாள். விளையாட்டு நாளன்று கணவர் போட்டுவிட்டு இத்தனை நாளும் ஆணியில் மாட்டியே வைத்திருந்த கால்சட்டையின் பைக்குள் விரலை விட்டாள். இரண்டு பஞ்சு உருண்டைகள் வந்தன. அழுக்கு படாமல், நசுங்காமல், உருட்டியது உருட்டியபடி இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்னங்க இது?"

"பஞ்சு."

"பஞ்சுன்னு தெரியுது. உங்க பையில எப்படி?"

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "மூணாவது ஆட்டத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு குடுத்துச்சு. உன் ஆளுங்க காதைப் பார்த்துட்டு, 'எதுக்குண்ணா பஞ்சு, உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேட்டுச்சு. நான் நம்ம ஞாயித்துக்கிழமைக் கதையைச் சொன்னேன். 'அப்ப நீங்களும் காதுல வெச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

சலவையக்கா பக்கத்தில் இருந்த துணிக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் வெச்சுக்கலை?"

அவருக்கு இப்போதும் எண்ணி எண்ணித்தான் பேச்சு வந்தது.

"வெச்சிருந்தா நீ கூப்பிடறது கேட்டிருக்காதே."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. திட்ட வேண்டும் போலவும் இருந்தது, என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. காய்ந்த விரிப்பு ஒன்றை உருவி, இரண்டு மூலையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறு மூலைகளோடு கூடத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். பிடித்தார்கள், இழுத்தார்கள், டப்பென்று உதறினார்கள். அடுத்த சொல் இந்த முறை அவளிடமிருந்து வரவில்லை. அவர் மூலைகளைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"வா," என்றார்.

அவள் இரண்டெட்டு வைத்துப் போனாள்.